எஃகுத் தகடு வளைவது எப்படி? எரிவாயுக் கோளம் முதல் நீர்மூழ்கி வரை ஒரு விளக்கம்

மும்பை: தாராவியின் மறுசுழற்சிக் கூடங்களில் பழைய எண்ணெய் டின்கள் மலைபோல் குவிந்து கிடப்பதைக் காணலாம். அவற்றைக் கழுவி, நசுங்கிய இடங்களைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மீண்டும் விற்பனைக்கு அனுப்புவது அங்கு நீண்ட காலமாக நடைபெற்றுவரும் தொழிலாகும். அந்த டின்னின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. அதைக் கையாலேயே வளைத்துவிடலாம்.

தாராவியிலிருந்து தென்கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் செம்பூர், மாகுல் பகுதி வருகிறது. 1950-களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்ட இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஒரு பெரிய உர ஆலையும் அங்கு உள்ளன. மோனோ ரயில் பாதையின் நிலையங்களுக்கே 'பாரத் பெட்ரோலியம்', 'ஃபெர்டிலைசர் டவுன்ஷிப்' என்று பெயர். ஆலைகளுக்கு அருகிலேயே குடியிருப்புகளும் அமைந்துள்ளன.

இத்தகைய ஆலைகளில் எரிபொருளையும் வேதிப்பொருள்களையும் அழுத்தத்தில் அடைத்து வைக்கும் கலன்களின் சுவர், ஒரு விரலின் அகலத்தையும் தாண்டிய தடிமன் கொண்ட எஃகாக இருக்கக்கூடும். தட்டையாக ஆலைக்கு வரும் அந்தத் தகட்டை உருளையாகவும் கோளமாகவும் மாற்றுவது எப்படி? அவ்வாறு வளைக்கப்பட்ட எஃகு நம்பத்தக்கதுதான் என்பதை எவ்வாறு உறுதி செய்கிறார்கள்? இக்கேள்விகளுக்கான விடை, அந்த ஆலைகளின் அருகில் வாழ்பவர்களின் பாதுகாப்புடன் நேரடித் தொடர்பு உடையது.

வளையும்போது தகட்டுக்குள் நிகழ்வது என்ன?

ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அடுக்கு மட்டும் ஏறத்தாழ அதே நீளத்தில் இருக்கிறது. வெளிப்புறம் எவ்வளவு நீள்கிறது என்பதை எளிதாகக் கணக்கிடலாம். தகட்டின் தடிமனை, வளைவின் ஆரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, 20 மி.மீ. தடிமன் கொண்ட தகட்டை 10 மீட்டர் ஆரத்துக்கு வளைப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிப்புறத்தின் நீட்சி 0.1 சதவீதம் மட்டுமே. ஆனால், சாதாரணக் கப்பல் எஃகு சுமார் 0.11 சதவீத நீட்சி வரை ரப்பரைப் போல நடந்துகொள்ளும். விசையை நீக்கியதும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதாவது, இந்தத் தகட்டைச் சரியாக 10 மீட்டர் ஆரத்துக்கு மட்டும் வளைத்து விட்டால், அது மீண்டும் தட்டையாகவே நிமிர்ந்துவிடும்.

பட்டறைகளில் இதனை 'ஸ்பிரிங் பேக்' என்று அழைக்கிறார்கள். எனவே தேவையான அளவைக் காட்டிலும் கூடுதலாக வளைத்து, அது பின்வாங்கிய பிறகு சரியான வடிவத்தில் நிற்குமாறு செய்ய வேண்டும். எவ்வளவு கூடுதலாக என்பது எஃகின் வலிமையையும் தடிமனையும் பொறுத்தது. ஒரே வகை எஃகின் இரு தகடுகளுக்கு இடையிலும் சிறு வேறுபாடு இருக்கும். பெரிய வளைவை உருவாக்குவது எளிது என்றும், சிறிய வளைவே கடினம் என்றும் தோன்றலாம். ஸ்பிரிங் பேக்கைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. வளைவு எவ்வளவு மென்மையானதோ, அவ்வளவுக்கு எஃகு பின்வாங்கும்.

ஒரு திசை வளைவு: உருளைகளுக்கு இடையே

வளைவுகளில் இரண்டு வகை உண்டு. ஒரே திசையில் மட்டும் வளைவது முதல் வகை. தண்ணீர்க் குழாய், டிரம், ரயில் பெட்டியின் கூரை ஆகியவை இதில் அடங்கும். மாட்டுங்காவில் 1915-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ரயில்வே பணிமனைக்குப் பராமரிப்புக்காக வரும் பெட்டிகளின் கூரையைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பெட்டியின் அகலவாட்டில் கூரை வளைந்திருக்கும். நீளவாட்டில் நேராகவே செல்லும். ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இத்தகைய தகடுகளை வரிசையாக அமைந்த உருளைகளின் வழியே செலுத்தியோ, நீண்ட அழுத்து இயந்திரத்தில் மடக்கியோ வடிவமைக்கலாம்.

தடித்த தகடுகளுக்குப் பயன்படுவது மூன்று அல்லது நான்கு உருளைகள் கொண்ட வளைப்பு இயந்திரம். கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தைப் போலவே தகடு உருளைகளுக்கு இடையே நுழைந்து வெளிவரும். ஒவ்வொரு முறையும் உருளைகளை இன்னும் சற்று நெருக்குவார்கள். மூன்று உருளை இயந்திரத்தில் ஒரு குறை உண்டு. தகட்டின் இரு ஓரங்களும் உருளைகளின் பிடியில் முழுமையாகச் சிக்காததால் வளையாமல் நேராகவே நின்றுவிடும். ஆகவே ஓரங்களை முதலில் தனியாக வளைத்துக்கொள்வது வழக்கம். இதைச் சரிவரச் செய்யாவிட்டால், இரு ஓரங்களையும் இணைத்துப் பற்றவைக்கும் இடத்தில் உருளை வட்டமாக இல்லாமல் கூம்பி நிற்கும்.

இதே முறைதான் விண்வெளித் துறை வரை செல்கிறது. ககன்யான் திட்டத்துக்கான எஸ்-200 திட எரிபொருள் உந்தியின் நடுப்பகுதியை, மும்பை பவாயில் உள்ள எல் அண்ட் டி ஆலை 2020 நவம்பரில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தது. அதன் விட்டம் 3.2 மீட்டர், நீளம் 8.5 மீட்டர். ஆனால் எடை 5.5 டன் மட்டுமே. இந்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டாலே அதன் எஃகுச் சுவர் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது என்பது புலப்படும். இவ்வகை உந்திகளுக்குப் பயன்படும் 'மராஜிங்' எஃகை மென்மையான நிலையில் வடிவமைத்துப் பற்றவைத்துவிட்டு, அதன்பின் சுமார் 480 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து முழு வலிமையைப் பெறச் செய்கிறார்கள். முதலிலேயே வலிமையூட்டினால் வளைப்பது மிகக் கடினம்.

வட்டம் பிசகினால் என்ன ஆகும்?

உருளை வடிவில் மிகக் கடுமையான கணக்கு நீர்மூழ்கிக் கப்பலுக்கு உரியது. மும்பையின் மசகான் கப்பல் கட்டும் தளத்தில் உருவான கல்வரி வகை நீர்மூழ்கிகளில் முதலாவது 2017 டிசம்பர் 14 அன்றும், ஆறாவதும் கடைசியுமான வாக்ஷீர் 2025 ஜனவரி 15 அன்றும் கடற்படையில் இணைந்தன. இவற்றின் நீளம் 67.5 மீட்டர்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 300 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் நீர் ஏறத்தாழ 300 டன் விசையுடன் அழுத்தும். காற்றை உறிஞ்சியதும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எங்கே முதலில் நசுங்குகிறது என்பதைக் கவனித்தால், சற்றே தட்டையான இடத்தில்தான் என்பது தெரியும். நீர்மூழ்கியின் உடலுக்கும் அதே விதிதான். வளையங்கள் முழு வட்டத்திலிருந்து சற்று விலகினாலும் அது தாங்கும் ஆழம் வெகுவாகக் குறைந்துவிடும். எனவே வளைத்த தகட்டின் உட்புறம் வளையச் சட்டங்களைப் பொருத்திப் பற்றவைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வட்டத்தை அளந்து சரிபார்க்கிறார்கள். பற்றவைப்பின் வெப்பமே எஃகைச் சுருக்கி வட்டத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால், எந்த இணைப்பை எந்த வரிசையில் பற்றவைப்பது என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது.

இரு திசை வளைவு: தோசையும் தேங்காயும்

இரண்டாம் வகை, இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் வளைவது. கோளம், கப்பலின் முகப்பு, கலன்களின் கிண்ண வடிவ மூடி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு தோசையைக் குழலாகச் சுருட்டலாம். அதே தோசையைத் தேங்காயின் மேல் போர்த்தினால் மடிப்பு விழும், அல்லது கிழியும். தட்டையான பரப்பை நீட்டாமலோ சுருக்காமலோ கோளப் பரப்பாக மாற்ற இயலாது என்பதை ஜெர்மானியக் கணித மேதை கார்ல் ஃபிரெட்ரிக் காஸ் 1827-இல் நிறுவினார். உலக உருண்டையைத் தாளில் வரைபடமாக்கும்போது நாடுகளின் அளவு மாறிப்போவதும் இதனாலேயே.

ஆகவே கோள வடிவம் வேண்டுமெனில் எஃகு தன் பரப்பிலேயே நீளவோ சுருங்கவோ வேண்டும். உருளைகளால் மட்டும் அதைச் செய்ய முடியாது.

அப்படியிருந்தும் எரிவாயுவுக்குக் கோளத்தை ஏன் நாட வேண்டும்? காரணம் எளியது. ஒரே அழுத்தம், ஒரே ஆரம் கொண்ட இரு கலன்களில், உருளையின் சுவரில் எழும் இழுவிசையில் பாதிதான் கோளத்தின் சுவரில் எழும். எனவே பாதித் தடிமன் போதும். கணக்குக்காக 8 மீட்டர் ஆரமும் 15 வளிமண்டல அழுத்தமும் கொண்ட கலன் ஒன்றை எடுத்துக்கொண்டால், வழக்கமான கொதிகலன் எஃகில் கோளத்துக்குச் சுமார் 43 மி.மீ. சுவர் தேவை. உருளைக்கு அதைப் போல் இரு மடங்கு, அதாவது சுமார் 86 மி.மீ. தேவைப்படும். அமெரிக்காவின் சிகாகோ பிரிட்ஜ் அண்ட் அயர்ன் நிறுவனம் 1923-இல் டெக்சாஸ் மாகாணத்தின் போர்ட் ஆர்தர் நகரில் இத்தகைய முதல் கோளக் கலனை அமைத்தது. அந்நிறுவனத்தை நிறுவிய ஹார்டனின் பெயரால் 'ஹார்டன் கோளம்' என்று அது இன்றும் அழைக்கப்படுகிறது.

இதழ் இதழாக ஒரு கோளம்

கோளக் கலனை ஒரே துண்டாகச் செய்வதில்லை. ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரிப்பதுபோல் அல்லது கால்பந்தின் துண்டுகளைப்போல் அதனைப் பல இதழ்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு இதழும் சக்திவாய்ந்த நீரழுத்த இயந்திரத்தில் வடிவம் பெறுகிறது. கீழே ஆழமற்ற கிண்ணம் போன்ற அச்சும், மேலே அதற்குப் பொருந்தும் குமிழ் அச்சும் இருக்கும். தகட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தி, நூற்றுக்கணக்கான முறை மெதுவாக அழுத்துவார்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை, பிறகு மீண்டும் என்று வேலை தொடரும். இடையிடையே வளைந்த வார்ப்பலகையை வைத்து இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வடிவம் சரியான பின்னரே ஓரங்கள் துல்லியமாக வெட்டப்படும்.

மேற்சொன்ன 8 மீட்டர் ஆரக் கோளத்தில் வளைப்பதால் எஃகுக்கு ஏற்படும் நீட்சி 0.4 சதவீத அளவே. அழுத்தக் கலன்களுக்கான அமெரிக்க விதிமுறை, ஒரு திசை வளைவைவிட இரு திசை வளைவுக்கு நீட்சியை ஒன்றரை மடங்காகக் கணக்கிடுகிறது. குறிப்பிட்ட நிபந்தனைகளில் அது 5 சதவீதத்தைத் தாண்டினால், வடிவமைத்த பின் வெப்பப் பதப்படுத்தலைக் கட்டாயமாக்குகிறது. பெரிய கோளம் இந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. எல்லையைத் தாண்டுவது சிறிய ஆரம் கொண்ட பகுதிகளே. 40 மி.மீ. தகட்டை 500 மி.மீ. ஆரத்தில் ஒரு திசையில் வளைத்தால் 4 சதவீதம்; இரு திசையில் வளைத்தால் 6 சதவீதம். கலன்களின் மூடி, விளிம்பில் திரும்பும் இடம் இத்தகையதுதான். அதனால்தான் தடித்த மூடிகளைச் செந்நிறம் வரும்வரை சூடாக்கி ஒரே அழுத்தில் வடிவமைப்பது வழக்கமாக உள்ளது.

சீனாவின் ஹார்பின் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1985-இல் வேறொரு வழி கண்டறியப்பட்டது. தட்டையான அல்லது ஒரு திசையில் வளைந்த துண்டுகளைப் பல முகங்கள் கொண்ட கூடாகப் பற்றவைத்துவிட்டு, உள்ளே நீரை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். பலூன் போல் உப்பி, கூடு தானாகவே கோளமாகிவிடும். இதில் அச்சே தேவையில்லை.

தீயும் நீரும் வளைக்கும் கப்பல் முகப்பு

ஒரே அளவுள்ள இதழ்கள் பல தேவைப்படும்போது அச்சு செய்வது கட்டுப்படியாகும். சென்னையை அடுத்த கார் ஆலைகளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள கதவுத் தகடு ஓர் அழுத்தில் வடிவம் பெறுவதும், அதே கதவு லட்சக்கணக்கில் தேவைப்படுவதால்தான். ஆனால் கப்பலின் முகப்பிலும் பின்பகுதியிலும் ஏறத்தாழ ஒவ்வொரு தகட்டின் வளைவும் வேறு. ஒரு தகட்டுக்காக ஓர் அச்சு செய்ய எந்தக் கப்பல் தளத்தாலும் இயலாது.

இதற்குக் கப்பல் கட்டுவோர் கையாளும் முறை வியப்புக்குரியது. முதலில் உருளைகளில் ஒரு திசை வளைவைக் கொடுத்துவிடுவார்கள். பிறகு தகட்டின் மேல் கோடுகள் வரைந்து, அக்கோடுகளின் வழியே எரிவாயுச் சுடரை மெதுவாக நகர்த்திச் செல்வார்கள். சுடருக்குப் பின்னாலேயே தண்ணீர் பாய்ச்சப்படும். சூடான கோடு விரிய முயலும்; சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அதனை விரிய விடாது. அதனால் அந்தக் கோட்டிலுள்ள எஃகு நசுங்கித் தடிக்கும். குளிர்ந்ததும் முன்பிருந்ததைவிடச் சுருங்கும். மேற்பரப்பு கூடுதலாகச் சுருங்குவதால் தகடு சூடாக்கிய பக்கம் நோக்கி மடங்கும். சுத்தியலோ அழுத்து இயந்திரமோ இன்றி, சுடரும் நீருமே தகட்டை வளைக்கின்றன.

எந்தக் கோட்டில், எவ்வளவு வேகத்தில், எத்தனை முறை சூடாக்க வேண்டும் என்பதைப் பல ஆண்டு அனுபவம் உள்ள தொழிலாளர்களே தீர்மானிக்கிறார்கள். மரச் சட்டத்தால் செய்த மாதிரியைத் தகட்டின் மேல் வைத்து, வெளிச்சம் கசியும் இடத்தைப் பார்த்து அடுத்த கோட்டை வரைவார்கள். கணினி வழிநடத்தும் இயந்திரங்கள் வந்துவிட்ட போதிலும் இத்திறனுக்கான தேவை குறையவில்லை. அளவுக்கு மீறிச் சூடாக்கினால் எஃகின் உள்ளமைப்பு மாறி வலிமை கெடும். அதிக வலிமை வாய்ந்த எஃகு வகைகளுக்கு இந்த வரம்பு இன்னும் கண்டிப்பானது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

எந்த வழியில் வளைத்தாலும் துண்டுகளை இறுதியில் இணைத்தாக வேண்டும். வளைவு சரியாக அமைந்த இதழ்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். பிசகிய இதழ்களைக் கவ்விகளாலும் ஆப்புகளாலும் இழுத்துப் பிடித்துப் பற்றவைக்க நேரிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இரண்டாவதில், அழுத்தம் ஏற்றும் முன்பே எஃகுக்குள் ஓர் இழுவிசை பூட்டப்பட்டு விடுகிறது. பற்றவைப்பின் வெப்பமும் தன் பங்குக்கு அதைக் கூட்டுகிறது.

இது வெறும் கணக்கு அல்ல என்பதை அமெரிக்காவில் நிகழ்ந்த விபத்து உணர்த்தியது. இல்லினாய் மாகாணத்தில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், 25 மி.மீ. தகடுகளை உருளைகளில் வளைத்துப் பற்றவைத்து உருவாக்கிய உயரமான கலன் ஒன்று இருந்தது. 1974-இல் அதன் ஒரு வளையம் மாற்றப்பட்டது. புதிய வளையத்தைப் பற்றவைத்த இடத்தில் எஃகு கடினமாகிப்போனது. அதில் ஹைட்ரஜன் ஊடுருவி நுண்விரிசல்கள் மெல்லப் பெருகின. 1984 ஜூலை 23 அன்று அக்கலன் பிளந்து, வெடிப்பும் தீயும் ஏற்பட்டதில் 17 பேர் உயிரிழந்தனர்.

இந்தியாவும் எரிவாயுக் கோளங்களின் அருகில் பேரிழப்பைக் கண்டுள்ளது. 1997 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினம் சுத்திகரிப்பு ஆலையில் கசிந்த எரிவாயு தீப்பற்றிக் கலன்களுக்குப் பரவியதில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வளைப்பில் நேர்ந்த குறை அதற்குக் காரணமல்ல. ஆயினும், நல்ல எஃகுச் சுவரும் நெருப்பின் வெப்பத்தில் வலிமை இழந்துவிடும் என்பதை இத்தகைய விபத்துகள் காட்டுகின்றன. உருளை வடிவக் கலன்களைப் படுக்கை நிலையில் வைத்து மண்மேட்டால் மூடிவிடும் முறை இந்தியாவில் பரவியிருப்பதன் நோக்கம், நெருப்பு எஃகைத் தொடாமல் தடுப்பதே. இதற்கெனத் தனித் தரநிலையை எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் வகுத்துள்ளது. தகடு அதிகம் செலவாகும் உருளைக்கே திரும்பி, கோளத்தின் சிக்கனம் பாதுகாப்புக்காக இங்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது.

சோதனைகள் எவை?

பூட்டப்பட்ட இழுவிசையை நீக்க, தடித்த கலன்களைப் பற்றவைத்த பின் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுகிறார்கள். உலைக்குள் அடங்காத பெரிய கோளத்துக்குக் கோளமே உலையாகிறது. வெளியே வெப்பக் காப்புப் போர்வை சுற்றி, உள்ளே எரிப்பான் வைத்து எரிக்கிறார்கள்.

இணைப்புகளை ஊடுகதிர் அல்லது மீயொலி கொண்டு ஆராய்ந்த பிறகு, இறுதியாக நீர்ச் சோதனை நடைபெறும். கலனை நீரால் நிரப்பி, வடிவமைப்பு அழுத்தத்தைவிட, நடப்பு அமெரிக்க விதிமுறையின்படி 1.3 மடங்கு வரை, அழுத்தம் ஏற்றுவார்கள். காற்றுக்குப் பதில் நீரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. நீர் எளிதில் சுருங்காது. ஆகவே கலன் பிளந்தாலும் வெடிக்காமல், நீர் வெளியேறுவதோடு நின்றுவிடும்.

இந்தியாவில் இத்தகைய அழுத்தக் கலன்கள் 2016-ஆம் ஆண்டின் நிலையான மற்றும் நடமாடும் அழுத்தக் கலன் விதிகளுக்கு உட்பட்டவை. குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அவற்றை மீண்டும் சோதிப்பது கட்டாயம். இல்லினாய் கலனில் உயிர்களைப் பறித்த விரிசல், பழுதுபார்த்த இடத்தில் பத்து ஆண்டுகளாக வளர்ந்தது என்பதை நினைவுகூர்ந்தால், புதிய கலனின் முதல் சோதனையைப் போலவே அடுத்தடுத்த சோதனைகளும் எத்துணை முக்கியம் என்பது விளங்கும்.

தாராவியில் டின்னை நிமிர்த்தும் தொழிலாளி தவறு செய்தால் அந்த ஒரு டின் வீணாகும். செம்பூரில் உள்ளது போன்ற ஆலையில், தகட்டை வளைப்பவரோ பற்றவைப்பவரோ சோதிப்பவரோ செய்யும் தவறு பல ஆண்டுகள் கழித்து, மதிலுக்கு வெளியே இருப்பவர்களையும் தாக்கக்கூடும். எனவே தங்கள் பகுதி ஆலையைப் பற்றி மக்கள் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: கலன் எப்போது கடைசியாகச் சோதிக்கப்பட்டது, எந்த இடத்தில் பழுதுபார்க்கப்பட்டது, பழுதுபார்த்த பின் அந்த இடத்துக்கு வெப்பப் பதப்படுத்தல் செய்யப்பட்டதா?